மீசை முளைக்கும் முன்னே: ஆட்டிசம் உள்ள பிள்ளையை வயதுக்கு வரும் காலத்துக்குத் தயார் செய்ய ஒரு முழு வழிகாட்டி

என் பையன் 7 வயதில், வீட்டுக்கு வரும் ஒறம்பரை யாராக இருந்தாலும் நேரே போய் மடியில் உட்கார்ந்து தலைமுடியை மோந்து பார்ப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். "வேத்தாளுன்னு பாக்காம எப்படி ஒட்டிக்கறான் பாருங்க" என்று என் மாமியாருக்குப் பெருமை வேறு. 13 வயதில் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், அரும்பு மீசையும் ஐந்தரை அடி உயரமுமாக, அதே வேலையைச் செய்தான். அந்தம்மா அலறி எழுந்தது, அவர் வீட்டுக்காரர் இவன் சட்டையைப் பிடித்தது, நாங்கள் பந்திக்குப் போகாமலே கிளம்பியது எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவன் புதிதாக எதுவும் செய்யவில்லை. ஆறு வருடமாக நாங்கள் ரசித்ததைத்தான் செய்தான்.

நான் சொல்ல வருவது முழுக்க அதைச் சுற்றித்தான். உடம்பு அதன் வயதுக்கு வளர்ந்துவிடும், பேச்சு வந்ததா, பள்ளிக்கூடம் போகிறானா என்றெல்லாம் அது காத்திருக்காது. பழக்கம் மட்டும் நாம் வைத்த இடத்திலேயே நிற்கும். நம் பிள்ளைகளிடம் ஊன்றிவிட்ட ஒரு பழக்கத்தைப் பிடுங்குவது எத்தனை பாடு என்று உங்களுக்கே தெரியும், அதனால் 15 வயதில் எப்படி இருக்க வேண்டுமோ அதை 8 வயதிலேயே வைத்துவிடுவது நல்லது. "எங்களுக்கு 14 ஆயிருச்சுங்களே" என்பவர்களும் இதையேதான் செய்ய வேண்டும், நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எப்போது தொடங்குவது

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாற்றம் தொடங்கும். பெண்ணுக்கு முதலில் மார்புக் காம்புக்குக் கீழே சின்னக் கட்டி போலத் தட்டுப்படும், பயந்துவிடாதீர்கள், அது கட்டி இல்லை. அன்றிலிருந்து ஏறக்குறைய 2, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு முதலில் விரை பெரிதாகும். குரல் உடைவதும் மீசையும் பின்னால் வருபவை, அதனால்தான் அப்பாக்கள் எப்போதும் தாமதமாகக் கவனிக்கிறார்கள்.

8 வயதுக்கு முன்பே பெண்ணுக்கோ, 9-க்கு முன்பே பையனுக்கோ அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 13 வயதாகியும் பெண்ணுக்கு மார்பு வளரவில்லை, 15 ஆகியும் மாதவிடாய் இல்லை, 14 ஆகியும் பையனுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றாலும் அப்படியே.

முதலில் சொற்கள்

வீட்டில் ஒரு பேர், ஆத்தா ஒரு பேர், பள்ளியில் மிஸ் ஒரு பேர் என்று இருந்தால் பிள்ளைக்கு எதுவும் நிற்காது. மார்பு, ஆண்குறி, பெண்குறி, பின்பக்கம் என்று ஏதாவது ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எல்லாரும் அதையே சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது, குளிக்க வைக்கும்போது சொல்லிச் சொல்லித்தான் வாய்க்குப் பழகியது. நாளைக்கு "இங்கே வலிக்குது" என்றோ "அவர் இங்கே தொட்டார்" என்றோ சொல்ல வேண்டுமானால் அதற்கு ஒரு சொல் அவன் கையில் இருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை என்றால், படத்தைக் காட்டிப் பேசும் அட்டையில் அந்தப் படங்களையும் சேருங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரி பேச உதவும் செயலி வைத்திருப்பவர்கள், அதில் பழம், பொம்மை, கார் என்று முந்நூறு படம் இருந்தும் உடம்புப் படம் ஒன்றுகூட இல்லையா என்று இன்றைக்கே பாருங்கள்.

தனி இடம், பொது இடம்

எது அசிங்கம் என்று விளக்கினால் நம் பிள்ளைகளுக்குப் புரியாது, எந்த இடம் என்று காட்டினால் புரியும். இரண்டு வண்ண அட்டை எடுங்கள். பச்சை அட்டை கதவு சாத்திய இடத்துக்கு, சிவப்பு அட்டை மற்ற எல்லா இடத்துக்கும். உடை மாற்றுவது, குளிப்பது, அந்தரங்க இடத்தைத் தொடுவது எல்லாம் பச்சை அட்டை உள்ள இடத்தில் மட்டும்.

சொல்வது சுலபம். தோட்டத்துச் சாளைகளில் பாத்ரூம் வெளியே இருக்கும், குளித்துவிட்டுத் துண்டோடு வாசலைத் தாண்டி வருவது நம் பக்கத்தில் சாதாரணம். மோட்டார் ஓடினால் பையன்கள் ஜட்டியோடு தொட்டியில் குதிப்பார்கள். மற்ற பையன்கள் 12 வயதில் தானாக நிறுத்திக்கொள்வார்கள், யார் சொல்லாமலும் தெரிந்துகொள்வார்கள். நம் பையனுக்கு அந்தத் "தானாக" கிடையாது. அதனால் மாற்று உடையைப் பாத்ரூமுக்குள்ளேயே கொண்டுபோகும் பழக்கத்தை முதலில் வையுங்கள், உள்ளே ஒரு ஆணி அடித்துப் பை மாட்டினால் போதும். தனி அறை இல்லாத வீடு என்றால் ஒரு மூலைக்குத் திரை கட்டுங்கள். நாமும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். அப்பா நடுக்கூடத்தில் நின்று வேட்டி மாற்றினால் அட்டை வெறும் அட்டைதான்.

பையன்களுக்கு

ஆண்குறி விறைப்பது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது இரண்டையும் நடக்கும் முன்பே சொல்லிவையுங்கள். "காலையில் ஜட்டி ஈரமாக இருக்கலாம். அது மூத்திரம் இல்லை, சீக்கும் இல்லை. ஜட்டியை வாளியில் போட்டு வேறு போட்டுக்கொள்." இந்த அளவு போதும். இதைப் பலவீனம் என்று சொல்லி மருந்து விற்கும் லாட்ஜ் வைத்தியர்களிடம் பையனைக் கூட்டிப்போன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும், போனது பணம்தான்.

அடிக்கடி கை அங்கே போனால் முதலில் அரிப்பா என்று பாருங்கள். நம் வெயிலுக்கு இறுக்கமான ஜட்டியில் படை வருவது சகஜம், மூத்திரத் தொற்றாகவும் இருக்கலாம், முன்தோல் பின்னால் வராமலும் இருக்கலாம். அதெல்லாம் இல்லை, சுய இன்பம்தான் என்றால் அடிக்க வேண்டாம், கத்த வேண்டாம். கத்தினால் நிற்காது, உங்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதே அவனுக்கு ஒரு விளையாட்டாகிவிடும். சிவப்பு அட்டையைக் காட்டி, குரல் உயர்த்தாமல், கைக்கு வேறு வேலை கொடுங்கள். வீட்டில் கதவு சாத்திய இடம், முடிந்ததும் துடைப்பது, கை கழுவுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். இதில் ஒரு பிசகு நடக்கும். "பாத்ரூம்ல போய்க்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம், அவன் பள்ளிக்கூட பாத்ரூமையும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையையும் அதில் சேர்த்துக்கொள்வான். "நம் வீட்டு பாத்ரூம் மட்டும்" என்று படம் எடுத்தே ஒட்டுங்கள்.

பஸ் ஸ்டாண்டு என்றதும் இன்னொன்று. நின்றபடி மூத்திரம் போகும் இடத்தில் பேண்ட்டைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு நிற்கும் பையன்கள் நிறைய. 5 வயதில் யாரும் பார்க்க மாட்டார்கள், 15 வயதில் கேலிக்கும் அதைவிட மோசமானதற்கும் அதுதான் வழி. ஜிப்பை மட்டும் திறந்து போக அப்பாவோ மாமாவோ பழக்க வேண்டும், அம்மாவால் இதைக் காட்ட முடியாது. வெளியில் இருக்கும்போது கதவுள்ள அறையில் போகச் சொல்வது இன்னும் நல்லது.

சவரத்துக்கு டிரிம்மர்தான் எளிது, அதன் சத்தம்தான் எதிரி. ஒரு வாரம் அணைத்த டிரிம்மரைக் கன்னத்தில் வையுங்கள், அடுத்த வாரம் தூரத்தில் ஓடவிடுங்கள், அப்புறம் அவன் கையிலேயே கொடுத்து ஓடவிடச் சொல்லுங்கள். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது.

பெண் பிள்ளைகளுக்கு: மாதவிடாய் வரும் முன்பே ஒத்திகை

எங்கள் தெரபி சென்டரில் பழக்கமான ஒரு அக்கா தன் மகளுக்குச் செய்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் அம்மா நாப்கின் பேடைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு போவார். மகள் ரத்தத்தையே பார்த்திருக்க மாட்டாள், பார்த்ததெல்லாம் முட்டி சிராய்த்தபோது வந்ததுதான். முதல் நாள் அவள் கத்துவது காயம் என்று நினைத்துத்தான். அந்த அக்கா தன் பேடையே மகளுக்குக் காட்டினார், "அம்மாவுக்கும் மாசா மாசம் வரும், வலிக்காத ரத்தம், நாலஞ்சு நாளில் நின்னுடும்" என்று. மலிவு விலை நாப்கின் எந்திரம் செய்த அருணாச்சலம் முருகானந்தம் கோயம்புத்தூர்க்காரர், 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார், ஆனாலும் நம் மளிகைக்கடையில் இன்னும் பழைய பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள்.

அந்த அக்கா செய்த வரிசை இது:

1. ஜட்டியில் பேடின் அளவுக்கு வண்ண நூலால் ஓரம் தைத்தார். எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையே இல்லாமல் போனது.
2. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் மணி நேரம் காய்ந்த பேடு. பிறகு அரை மணி, பிறகு ஒரு முழுக் காலை.
3. அதற்குப் பழகியதும் பேடில் பீட்ரூட் சாறு சில சொட்டு. சிவப்பைப் பார்த்தால் கழற்று, சுருட்டு, பேப்பரில் மடி, கூடையில் போடு, புதிது வை, கை கழுவு.
4. ஒவ்வொன்றையும் தன் வீட்டு பாத்ரூமிலேயே, அதே வாளியும் அதே கூடையும் தெரிய போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கதவில் தொங்கவிட்டார். போட்டோவில் மகளின் முகமோ உடம்போ கிடையாது.

சில பிள்ளைகளுக்குப் பேடின் சரசரப்புச் சத்தமே ஆகாது, சிலருக்கு வாசனை, சிலருக்கு ஓரத்து ஒட்டு. இரண்டு மூன்று வகை வாங்கிப் பாருங்கள். திருப்பூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது இதற்கு ஒரு வசதி, மெல்லிய பனியன் துணியில் தைத்த துணிப் பேடு சிலருக்கு ஒத்துப்போகிறது, துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். உள்ளாடை லேபிளை வெட்டிவிடுங்கள், முதல் பிரா கொக்கி இல்லாத பனியன் மாதிரி இருக்கட்டும். அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவச நாப்கின் உண்டு, கிராம செவிலியரிடம் கேளுங்கள். அது வேறு மாதிரி இருக்கும் என்பதால் அதற்கும் ஒரு ஒத்திகை தேவை.

நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நனைந்தது அவளுக்கு உறைக்காமல் போகலாம், அதனால் காலை விழித்ததும், பள்ளியில் மதியம், வீடு வந்ததும், படுக்கும் முன் என்று நேரத்தோடு கட்டிவிடுங்கள். தினசரிக் காலண்டரில் மாதவிடாய் உள்ள ஒவ்வொரு நாளும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். முதல் இரண்டு வருடம் 21 முதல் 45 நாள் இடைவெளியில் முன்னே பின்னே வரும். 7 நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கு ஒரு பேடு நனைந்தாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ டாக்டர்.

வலியை அவள் சொல்ல மாட்டாள். அடிவயிற்றில் குத்திக்கொள்வது, கையைக் கடிப்பது, சுருண்டு படுப்பது, சோற்று வட்டலைத் தள்ளுவது எல்லாம் வலியாக இருக்கலாம். காலண்டர் புள்ளியோடு சேர்த்துப் பார்த்தால் "மாசத்துக்கு ஒருக்கா பேய் பிடிக்குது" என்று சொன்னது என்னவென்று புரிந்துவிடும். என்ன மாத்திரை, எந்த அளவு என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"கர்ப்பப்பைய எடுத்துப்போட்டா தொல்லை இல்லீங்கல்ல" என்று ஒரு பெரியவரோ, சில சமயம் படித்தவரோகூடச் சொல்வார். 1994-ல் புனேயில் ஒரு காப்பகத்துப் பெண்களுக்கு இப்படிச் செய்தபோது நாடே கொதித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 10-ஆம் பிரிவு, அவர்களுடைய புரிந்த, சுதந்திரமான சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்த மருத்துவத்துக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. அதைவிட, கர்ப்பப்பையை எடுத்தால் யாரும் அவளைத் தொடாமல் இருக்கப் போவதில்லை, தொட்டது வெளியே தெரியாமல் போவதற்கு அது ஒரு வசதி. மாதவிடாய் உண்மையிலேயே தாங்க முடியாத அளவுக்குப் போனால் போக்கைக் குறைக்க மருந்து வழிகள் இருக்கின்றன, மகப்பேறு டாக்டரிடம் பேசுங்கள்.

தெரட்டிச் சீர் வேண்டுமா

பெண் வயதுக்கு வந்ததும் செய்யும் தெரட்டிச் சடங்கை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், தாய்மாமன் சீர் நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இது தனி இடத்து விஷயம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊர் முக்கில் அவள் போட்டோவோடு பிளக்ஸ் வைத்தால் அவள் எதை நம்புவாள்? அதற்கு மேல் மைக் செட்டு, சரிகைப் பட்டு, தலையில் ஆளாளுக்கு ஊற்றும் தண்ணீர், கண்ணில் அடிக்கும் வீடியோ லைட்டு. தனியாக ஓலைக் குச்சில் உட்கார வைப்பது இன்னும் மோசம், ஏற்கெனவே உடம்பு மாறிப் பயந்திருக்கும் பிள்ளையின் தினசரி வழக்கத்தையும் சேர்த்துக் கலைப்பது அது. நான் சொன்ன அக்கா வீட்டில் மாமன் வந்தார், பருத்திப் பாவாடை சட்டை, அம்மாவைப் பெற்ற அம்முச்சி ஒருவர் மட்டும் மஞ்சள் தண்ணீர் வார்த்தார், எட்டுப் பேர், முக்கால் மணி நேரம். ஒறம்பரை கோபித்துக்கொண்டது, அடுத்த நோம்பிக்குள் சரியாகிவிட்டது.

தொடுவது, தொட விடுவது

ஒரு சார்ட் பேப்பரில் வட்டத்துக்குள் வட்டமாக வரையுங்கள். உள்வட்டத்தில் அம்மா, அப்பா: கட்டிக்கொள்ளலாம். அடுத்ததில் தாத்தா, பாட்டி, மாமா: கை கொடுக்கலாம். அதற்கு வெளியே எல்லாருக்கும் வணக்கம். தொடாமல் மரியாதை காட்ட இப்படி ஒரு வழி நம்மிடம் இருக்கும்போது அதைவிட நல்ல பயிற்சி வேறு எதற்கு? எங்கள் மாமியார் "என்ற பேரன் என்ற மடியில உக்காரக் கூடாதா?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ராசியானோம். டவுன் பஸ்ஸில் ஒரு கை நீள இடைவெளி என்பதையும் இதோடு பழக்குங்கள், அவனை அடிக்கப்போகிறவர்கள் முதலில் ஆட்டிசமா என்று கேட்க மாட்டார்கள்.

இதற்கு மறுபக்கம் இன்னும் முக்கியம். தெரபியில் வருடக்கணக்காக "சொன்னதைச் செய்" என்றே பழக்கியிருக்கிறோம். யார் சொன்னாலும் செய்யும் பிள்ளை, தப்பானவன் சொன்னாலும் செய்யும். அதனால் "வேண்டாம்" என்பதையும் ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுங்கள், கிச்சுக்கிச்சு மூட்டும்போது வேண்டாம் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள், சட்டை தேர்ந்தெடுக்கும்போது மறுக்க விடுங்கள். குளிக்கவைக்கவும் பேடு மாற்றவும் யார் யார் உதவலாம் என்று பேரோடு ஒரு பட்டியல் இருக்கட்டும், வேன் ஆயா அதில் உண்டா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பூட்டிய அறைக்குள் தெரபி என்றால் நான் அனுப்ப மாட்டேன்.

ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 பையன்களுக்கும் பொருந்தும். வாக்குமூலம் வாங்கும்போது பிள்ளையின் பேச்சு முறை தெரிந்த சிறப்பாசிரியரின் உதவியைக் கேட்டு வாங்கலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது.

கோபம், வலி, வலிப்பு

உங்களைவிட உயரமான பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இடத்தைக் காலி செய்யுங்கள், பேச்சைக் குறையுங்கள், காத்திருங்கள். திடீரென்று முரட்டுத்தனம் வந்தால் "வயசுக் கோளாறு" என்று முடிக்கும் முன் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் நான்கையும் பாருங்கள். என் பையன் மூன்று மாதம் தலையைச் சுவரில் இடித்தது ஒரு சொத்தைப் பல்லுக்காக.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு முதன்முதலாக வரும் வாய்ப்பு இரண்டு காலத்தில் கூடும், ஒன்று சின்ன வயது, இன்னொன்று இந்த விடலை வயது. கீழே விழுவது மட்டும் வலிப்பு இல்லை, சில நொடி வெறித்துப் பார்த்து நிற்பதும் வலிப்பாக இருக்கலாம், போனில் வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்போ சாவிக்கொத்தோ திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. முரட்டுத்தனத்தைக் குறைக்கத் தரும் ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து எடுக்கும் பிள்ளைக்கு எடை வேகமாக ஏறலாம், பையனுக்கு மார்பு பெருக்கலாம், பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கலாம். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். தெரிந்த வேலைகளை ஒவ்வொன்றாக மறக்கிறான், நடுவழியில் உறைந்து நிற்கிறான் என்றாலும் உடனே காட்ட வேண்டும்.

நன்றாகப் பேசும் பிள்ளைகள்

இவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று நாம் நினைப்பதுதான் ஆபத்து. தான் வேறு மாதிரி என்று தெரியத் தொடங்கும் வயது இது, சோர்வும் பயமும் பிடித்துக்கொள்ளும். ஆட்டிசம் என்ற சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள், வகுப்பில் யாரோ வசவாகச் சொல்லித் தெரிய வேண்டாம். ஒரு பெண் சிரித்தால் காதல் இல்லை, ஒருமுறை "இல்லை" என்றால் மறுபடி மெசேஜ் கிடையாது, யார் கேட்டாலும் உடம்புப் போட்டோ அனுப்பக் கூடாது என்று சட்டம் மாதிரி எழுதியே கொடுங்கள். ஜாடை மாடையாகச் சொன்னால் ஏறாது.

காகிதங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள், பராமரிப்பு உதவித்தொகையும் அங்கேதான் கேட்க வேண்டும். ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் வரும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போகிறவர்கள், பிள்ளை சொல்வதை எழுத ஒரு ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 18 முடிந்ததும் சட்டப்படி நீங்கள் தானாகக் காப்பாளர் இல்லை. எல்லாருக்கும் காப்பாளர் வேண்டும் என்பதில்லை, தேவைப்பட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும்.

15 வயதில் ஆதாரில் கைரேகையும் கண்ணும் புதுப்பிக்க வேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. கைரேகைக் கண்ணாடியில் நான்கு விரலை அழுத்தி அசையாமல் வைப்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. நாங்கள் வீட்டில் ஸ்டீல் டிபன் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் விரலை வைத்து பத்து எண்ணுவது என்று பத்து நாள் ஒத்திகை பார்த்தோம். காலையில் சென்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றோம், எட்டு எண்ணுவதற்குள் வேலை முடிந்துவிட்டது, அவன் மட்டும் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் கையை எடுத்தான்.